மாரிக்கால வானிலை அறிக்கையை வாசிப்பது எப்படி: மலைநாட்டுச் சரிவிலிருந்து கொட்டியாரக் குடா வரை

திருகோணமலை மாவட்டத்தில் ஐப்பசி பிறந்ததும் வானிலை அறிக்கையைத் தேடுபவர்களில் பலர், தங்கள் மாவட்டத்தின் பெயர் வரும் வரியை மட்டும் வாசித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். நகரத்திலும் நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டைப் பக்கத்திலும் இருப்பவர்களுக்கு அது ஓரளவு போதும். மூதூர், கிண்ணியா, சேருவில, வெருகல், ஈச்சிலம்பற்று ஆகிய இடங்களில் வயலோ வீடோ வைத்திருப்பவர்களுக்குப் போதாது. 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவில் கடலில் விழுகிறது. அதன் ஒரு கிளை வெருகலாறாகப் பிரிந்து வெருகலில் கடலைச் சேர்கிறது. நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நிலத்தில் பெய்யும் மழை இந்த ஒரே ஆற்றுக்கு வடிகிறது. ஆகவே நுவரெலியா, கண்டி, பதுளை, மாத்தளை மாவட்டங்களுக்கான அறிவிப்பும் நமக்கான அறிவிப்புத்தான். அது ஒரு நாளோ இரண்டு நாளோ பிந்தி வரும் என்பது மட்டுமே வேறுபாடு.

முதலில் நாட்காட்டியை ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் வகைப்பாட்டில் ஒக்டோபரும் நவம்பரும் இரண்டாம் இடைப்பருவப்பெயர்ச்சிக் காலம். டிசம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவப்பெயர்ச்சிக் காலம். நமது பேச்சில் இரண்டும் சேர்ந்து மாரி. திருகோணமலையில் ஆண்டு முழுவதும் பெய்யும் ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழையில் பாதிக்கு மேற்பட்டது ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களில் கிடைத்துவிடுகிறது. ஆனால் மூன்று மாதங்களின் மழையும் ஒரே மாதிரியானதல்ல. ஒக்டோபரில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அடங்கி, காற்றே இல்லாத நாட்கள் வரும். காலையில் வெயில் காய்ந்து, பிற்பகலில் உள்நாட்டில் மேகம் திரண்டு, மாலையில் இடிமுழக்கத்துடன் மழை கொட்டும். நவம்பரில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகத் தொடங்குகின்றன. டிசம்பரில் வாடைக்காற்று நிலைகொண்டபின், கரையோரத்தில் இரவிலும் விடியற்காலையிலும் விட்டுவிட்டு மழை பெய்யும். ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்ற சொல் நமது மாவட்டத்துக்கு மிகவும் பொருந்துகிறது. மார்கழியையும் அதனோடு சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்று மாத எதிர்வுகூறல் எதற்கு உதவும்

திணைக்களம் அடுத்த மூன்று மாதங்களுக்கான பருவகால எதிர்வுகூறலை வெளியிடுகிறது. அதில் ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று வீதங்கள் காணப்படும்: வழமையிலும் குறைவான மழை, வழமையை ஒட்டிய மழை, வழமையிலும் கூடிய மழை. கடந்த முப்பது ஆண்டுகளின் மழையளவுகளைச் சிறியதிலிருந்து பெரியதுக்கு வரிசைப்படுத்தி, மூன்று சம கூறுகளாக வெட்டி இந்த வகைகள் அமைக்கப்படுகின்றன. எந்தத் தகவலும் இல்லாத நிலையில் ஒவ்வொரு வகைக்கும் ஏறக்குறைய 33 வீத வாய்ப்பு இருக்கும். எனவே “வழமையிலும் கூடிய மழைக்கு 45 வீதம்” என்று எழுதப்பட்டிருந்தால், தராசு அந்தப் பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கிறது என்பதே பொருள். வெள்ளம் வரும் என்பதல்ல. மீதமுள்ள 55 வீதம் மற்ற இரண்டு வகைகளுக்கும் உரியது என்பதைச் செய்தித் தலைப்புகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

இந்தச் சாய்வு பெரும்பாலும் இரண்டு கடல்களின் வெப்பத்திலிருந்து கணிக்கப்படுகிறது. பசிபிக் பெருங்கடலின் மத்திய, கிழக்குப் பகுதி வழமையிலும் வெப்பமாக இருக்கும் எல் நினோ ஆண்டுகளில், இலங்கையின் ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரையான மழை சராசரியைவிடக் கூடும் போக்குக் காணப்படுகிறது. இந்து சமுத்திரத்தின் மேற்குப் பகுதி கிழக்கைவிட வெப்பமாக இருக்கும் ஆண்டுகளிலும் அப்படியே. லா நினா ஆண்டுகளில் இந்த மூன்று மாத மழை குறையும் போக்கு உண்டு. பெரும்போகத்துக்கு எந்த வயது நெல்லை விதைப்பது, விதைப்பை முந்திச் செய்வதா பிந்திச் செய்வதா, வாய்க்கால் துப்புரவை எப்போது முடிப்பது போன்ற தீர்மானங்களுக்கு இந்தத் தகவல் உண்மையாகவே பயன்படும்.

ஆனால் அதை வைத்து ஒரு குறிப்பிட்ட வாரத்தைப் பற்றித் தைரியமடைவது ஆபத்தானது. 2000 டிசம்பர் 26 ஆம் திகதி திருகோணமலைக்கு அருகே கரையைக் கடந்த சூறாவளி, 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறிய புரெவி, 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா ஆகிய மூன்றும் லா நினா நிலவிய பருவங்களில் வந்தவை. மூன்று மாதக் கூட்டுத்தொகை குறைவாக இருக்கக்கூடிய ஆண்டிலும் மூன்று நாட்கள் மிக மோசமாக இருக்க முடியும். பருவகால எதிர்வுகூறலை விவசாயத் தீர்மானங்களுக்கு வைத்துக்கொண்டு, உயிர், உடைமை பற்றிய தீர்மானங்களுக்கு நாளாந்த அறிக்கையையும் ஆற்று மட்டத்தையும் பார்ப்பதே சரி.

நாளாந்த அறிக்கையின் சொற்கள்

நாளாந்த அறிக்கை ஏறக்குறைய ஒரே வாய்பாட்டில் எழுதப்படுவதால், அது அலுப்பூட்டுவதாகத் தோன்றும். அந்த வாய்பாடே அதன் பயன். இவ்வகையில் ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: கிழக்கு, ஊவா மாகாணங்களிலும் மாத்தளை, நுவரெலியா மாவட்டங்களிலும் அவ்வப்போது மழை பெய்யும், ஏனைய பிரதேசங்களில் பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் மழையோ இடியுடன் கூடிய மழையோ பெய்யும், சில இடங்களில் 100 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பலத்த மழை எதிர்பார்க்கப்படுகிறது.

இந்த வரியில் நான்கு செய்திகள் இருக்கின்றன. “பிற்பகல் 2 மணிக்குப் பின்னர்” என்று இருந்தால், அது வெயிலால் நிலம் சூடாகி எழும் மழை. பகலில் பள்ளத்தாக்கின் காற்று சூடேறி மலைச்சரிவு வழியே மேலேறி, குளிர்ந்து, மேகமாகி, பிற்பகலில் கொட்டித் தீர்க்கும், இரவில் அடங்கிவிடும். அப்படிப்பட்ட மழை ஓர் ஓடையைச் சில மணிநேரம் பெருக்கெடுக்கச் செய்யும். மகாவலி முழுவதையும் உயர்த்துவது அரிது. “அவ்வப்போது” என்று நேரமே குறிப்பிடாமல் இருந்தால், மழையைக் கொண்டுவருவது வெயிலல்ல, கடலிலிருந்து வரும் காற்றோ தாழமுக்கமோ ஆகும். அது இரவென்றும் பகலென்றும் பாராது பெய்யும். இரண்டாவதாக, ஊவா, மாத்தளை, நுவரெலியா ஆகிய பெயர்கள் கிழக்கு மாகாணத்துடன் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து வந்தால், கடற்காற்று மத்திய மலைநாட்டின் கிழக்குச் சரிவுகளில் மோதி மேலெழுகிறது என்று அர்த்தம். நக்கிள்ஸ் தொடரின் கிழக்குப் பக்கமும் பதுளை மலைகளும் இப்படித்தான் நனைகின்றன. மாரிக்காலத்தில் நமது ஆற்றுக்கு வெள்ளத்தைத் தருவது இந்தச் சரிவுகளே. மூன்றாவது செய்தி மில்லிமீற்றர் எண்ணிக்கை. நான்காவது “சில இடங்களில்” என்ற சொல். எந்த இடம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால்தான் அப்படி எழுதுகிறார்கள். நமது இடமாக இராது என்று வாசிக்க அதில் எந்த அனுமதியும் இல்லை.

ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் தண்ணீர். 100 மில்லிமீற்றர் மழை 1,000 சதுர கிலோமீற்றர் மலைச்சரிவில் பெய்தால் விழும் நீர் 10 கோடி கன மீற்றர். விக்டோரியா நீர்த்தேக்கத்தின் முழுக் கொள்ளளவே ஏறக்குறைய 72 கோடி கன மீற்றர்தான் என்பதை இதனோடு வைத்துப் பார்த்தால், ஒரு நாள் மழையின் எடை விளங்கும். விழுந்த நீர் முழுவதும் ஆற்றுக்கு வருவதில்லை. காய்ந்த மண் கணிசமான பங்கைக் குடித்துவிடும். மண் ஏற்கெனவே ஊறியிருக்கும் கார்த்திகை கடைசியில் அந்தச் சலுகை கிடைக்காது.

கைபேசிச் செயலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் வரும் மேகப் படமும் மழைத்துளிப் படமும் மலைநாட்டுக்கு மிகக் குறைந்த நம்பகம் உடையவை. உலகளாவிய கணிப்பு மாதிரிகள் நிலத்தைப் பல கிலோமீற்றர் அகலக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. ஒரு கட்டத்துக்குள் உச்சியும் பள்ளத்தாக்கும் சராசரியாகிவிடுகின்றன. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவும் அதைவிட ஆயிரம் மீற்றருக்கு மேல் தாழ்ந்திருக்கும் பதுளையும் வான்வழியில் அருகருகே இருந்தாலும், ஒன்றில் மழை கொட்டும்போது மற்றதில் வெயில் அடிப்பது வழமை. செயலியைக் காற்றின் போக்கைப் பார்க்கப் பயன்படுத்தலாம். மழையளவுக்குத் திணைக்களத்தின் அளவீட்டையே பார்க்க வேண்டும்.

அந்த அளவீடு காலை 8.30 மணி தொடக்கம் மறுநாள் காலை 8.30 மணி வரையான 24 மணிநேரத்துக்கு உரியது. வீட்டிலும் அதே நேரத்தில் அளந்தால் ஒப்பிட முடியும். அதற்குச் செலவு தேவையில்லை. அடியும் வாயும் ஒரே அகலமான, நேர்ப் பக்கமுள்ள ஒரு கண்ணாடிப் பாத்திரம் போதும். கூரைத் தாழ்வாரத்திலிருந்தும் தென்னை, மா மரங்களிலிருந்தும் விலகிய திறந்த இடத்தில், நிலத்திலிருந்து மண் தெறிக்காத உயரத்தில், கம்பமொன்றில் கட்டிவைத்து, காலை 8.30 மணிக்கு அளவுகோலை உள்ளே நிறுத்தித் தண்ணீரின் உயரத்தை மில்லிமீற்றரில் வாசித்துக் குறித்துவிட்டு, பாத்திரத்தைக் கவிழ்த்துவிட வேண்டும். போத்தலின் கழுத்தை வெட்டிப் பயன்படுத்துபவர்கள் அடியிலுள்ள குழிவைக் கணக்கில் எடுக்காவிட்டால் சிறிய மழைகளை அதிகமாக வாசிப்பார்கள். அளவைத் தொடங்கும் கோடு வரை முன்னரே தண்ணீர் ஊற்றி வைத்தால் அந்தத் தொல்லை தீரும்.

தாழமுக்கம் என்று சொன்னால்

வங்காள விரிகுடாவில் ஒரு தொகுதி உருவாகும்போது, அறிக்கையில் வரும் பெயர் அதன் காற்றின் வேகத்தைக் குறிக்கிறது. மணிக்கு 31 தொடக்கம் 49 கிலோமீற்றர் வரை தாழமுக்கம். 50 தொடக்கம் 61 வரை ஆழமான தாழமுக்கம். 62 கிலோமீற்றரைத் தாண்டினால் சூறாவளி, அப்போதுதான் அதற்குப் பெயர் சூட்டப்படும். இந்தப் படிநிலை காற்றை அளக்கிறதே தவிர மழையை அளக்கவில்லை. மெதுவாக நகரும் வெறும் தாழமுக்கம், வேகமாகக் கடந்துபோகும் சூறாவளியைவிட அதிக மழையைக் கொட்டலாம். ஆகவே பெயர் வைக்கப்பட்டதா என்று கேட்பதைவிட, எவ்வளவு வேகத்தில் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கேட்பது பயனுள்ளது.

நகர்வை வீட்டிலிருந்தே ஓரளவு சரிபார்க்க முடியும். காற்று வரும் திசையை நோக்கி நின்றால், தாழமுக்கத்தின் மையம் பெரும்பாலும் உங்கள் வலப்பக்கத்தில், சற்றுப் பின்தள்ளி இருக்கும். வடகிழக்கிலிருந்து பலத்த காற்று வீசினால் மையம் தென்கிழக்கே கடலில் இருக்கிறது. அந்தக் காற்று மெல்ல வடக்குக்கும் பின் வடமேற்குக்கும் திரும்பினால், மையம் நமக்குக் கிழக்கே கடலோடு வடக்கு நோக்கிப் போகிறது. கிழக்குக்கும் பின் தென்கிழக்குக்கும் திரும்பினால், அது நமக்குத் தெற்கே கரையேறி உள்நாட்டுக்குள் போகிறது. அந்த நிலையில் ஈரக்காற்று நேரே மலைநாட்டுக் கிழக்குச் சரிவில் மோதுவதால், ஊரில் மழை ஓய்ந்தாலும் ஆற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். கட்டடங்களுக்கிடையே நின்று பார்த்தால் காற்றின் திசை ஏமாற்றும். திறந்த கடற்கரையிலோ வயல்வெளியிலோ பார்க்க வேண்டும்.

கடற்றொழிலாளர்கள் இவற்றையெல்லாம் பிறர் சொல்லிக் கேட்க வேண்டியவர்கள் அல்லர். வாடை தொடங்கும் முன்னரே நகரின் கிழக்குக் கரையிலிருந்து உட்துறைமுகப் பக்கத்துக்குப் படகுகளை மாற்றுவது அவர்களது பழைய வழக்கம். அவர்கள் கூடுதலாகப் பார்க்க வேண்டியது, காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக மட்டக்களப்பு வரையான கடற்பரப்புக்கான தனி அறிவிப்பு. நிலத்துக்கான அறிக்கை சாதுவாக இருக்கும் நாளிலும் கடலுக்கானது கடுமையாக இருப்பதுண்டு.

நவம்பர் தப்பினால் ஆண்டு தப்பியது என்று எண்ணுபவர்கள் திகதிகளைப் பார்க்க வேண்டும். மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி 1978 நவம்பரில் வந்தது. திருகோணமலையைத் தாக்கிவிட்டுத் தனுஷ்கோடியை அழித்தது 1964 டிசம்பர் 22, 23 ஆம் திகதிகளில். மேலே சொன்ன 2000, 2020 ஆம் ஆண்டுகளின் தொகுதிகளும் டிசம்பருக்குரியவையே.

ஆற்றை எங்கே பார்ப்பது

நீர்ப்பாசனத் திணைக்களம் முக்கிய ஆறுகளின் நீர்மட்டத்தை அளவிடும் நிலையங்களின் விபரத்தை வெள்ளக் காலங்களில் சில மணிநேரத்துக்கு ஒருமுறை அட்டவணையாக வெளியிடுகிறது. நமக்கு முக்கியமான வரி “மகாவலி கங்கை, மன்னம்பிட்டி”, பொலன்னறுவை மாவட்டத்தில் நமக்கு மேலே ஆற்றோரத்தில் உள்ள நிலையம். அந்த வரியில் எச்சரிக்கை மட்டம், சிறு வெள்ள மட்டம், பெரு வெள்ள மட்டம் என மூன்று எல்லைகளும், அந்நேர மட்டமும், அது ஏறுகிறதா இறங்குகிறதா என்ற குறிப்பும் இருக்கும். ஒரே ஒரு எண்ணை வாசித்து முடிவெடுக்க வேண்டாம். தொடர்ந்து வந்த மூன்று நான்கு எண்களை ஒரு தாளில் நேரத்துடன் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு இடைவெளியிலும் எவ்வளவு உயர்ந்தது என்று கழித்துப் பார்க்க வேண்டும். உயர்வு கூடிக்கொண்டே போனால் உச்சம் இன்னும் தூரத்தில். உயர்வு சுருங்கினால் உச்சம் நெருங்குகிறது. மன்னம்பிட்டியில் உச்சம் கடந்துவிட்டது என்ற செய்தி மூதூருக்கு நற்செய்தியல்ல, அந்த நீர் இனித்தான் கீழே வரப்போகிறது.

மேலே கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை என்று வரிசையாக அணைகள் இருப்பதால் வெள்ளம் வராது என்ற நம்பிக்கை பலரிடம் உண்டு. சிறுபோகம் முடிந்து நீர்த்தேக்கங்கள் தாழ்ந்திருக்கும் ஒக்டோபரில் அந்த நம்பிக்கைக்கு நியாயமிருக்கிறது. அவை நிரம்பிய பின்னர் அதே அளவு மழை பெய்தால் வான்கதவுகளைத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை. அத்துடன் பதுளு ஓயா போன்ற கிளையாறுகள், வரிசையின் கடைசியான ரந்தம்பைக்கும் கீழே வந்து மகாவலியில் சேர்பவை; அவற்றை அந்த அணைகள் எதுவும் பிடித்துவைப்பதில்லை. எனவே மன்னம்பிட்டி வரியுடன் நீர்த்தேக்கங்களின் கொள்ளளவு வீதத்தையும், வான்கதவு பற்றிய அறிவித்தலையும் சேர்த்து வாசிக்க வேண்டும். கந்தளாய், தம்பலகாமத்தில் இருப்பவர்கள் இதே கேள்வியைக் கந்தளாய்க் குளத்தைப் பற்றிக் கேட்க வேண்டும்.

டித்வாவின்போது இந்தச் சங்கிலி முழுமையாகத் தெரிந்தது. நவம்பர் 27, 28 ஆம் திகதிகளில் மலைநாட்டில் வரலாறு காணாத மழையும் மண்சரிவும். நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் உயிரிழந்தனர். காற்று தணிந்து சூறாவளி நாட்டைவிட்டு விலகிய பின்னர்தான், 30 ஆம் திகதி, மகாவலியின் கீழ்ப்பகுதியிலுள்ள மாவிலாற்று அணைக்கட்டு உடைப்பெடுத்து மூதூர், சேருவில, வெருகல் பகுதிகளில் மக்கள் வெளியேற நேர்ந்தது.

மலைநாட்டுக்குப் போகிறவர்கள்

டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு நுவரெலியாவுக்கோ, பிள்ளையைப் பேராதனையில் விடுவதற்கோ போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஒவ்வோர் ஆயிரம் மீற்றர் உயரத்துக்கும் வெப்பநிலை சுமார் 6.5 பாகை குறையும். திருகோணமலையில் 27 பாகை இருக்கும் நேரத்தில் நுவரெலியாவில் 15 பாகை அளவில் இருக்கும், மழையும் காற்றும் சேர்ந்தால் அதைவிடக் குளிராக உணரப்படும். இரவில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தாக்குகளில் இறங்கித் தங்குவதால் விடியற்காலை மூடுபனி அடர்த்தியாக இருக்கும். வெயில் ஏறிய பின் கலையும். பிற்பகல் மழை தொடங்குவதற்குள் மலைப்பாதையைக் கடந்துவிட வேண்டும். ஆகவே பயணத்துக்கு வாய்ப்பான நேரம், பனி விலகிய பின்னரும் இடி தொடங்கும் முன்னரும் கிடைக்கும் அந்த நான்கைந்து மணிநேரம்தான். திருகோணமலையிலிருந்து வைகறையில் புறப்பட்டு ஹபரணை, தம்புள்ளை வழியாகப் போனால், மாத்தளைக்கு அப்பாலுள்ள ஏற்றம் அந்த இடைவெளிக்குள் அமைந்துவிடும்.

மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மூன்று மட்டங்களில் வெளியிடுகிறது: அவதானமாக இருத்தல், வெளியேறத் தயாராக இருத்தல், வெளியேறுதல். 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் அவதானம், 100 ஐத் தாண்டினால் தயார்நிலை, 150 ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்பது பொதுவான அளவுகோல். மாவட்டப் பெயரை மட்டும் பார்த்துத் திருப்திப்படாமல், பாதை கடந்துபோகும் ஒவ்வொரு பிரிவின் பெயரையும் பட்டியலில் தேட வேண்டும். இரண்டாம் மட்டம் வந்துவிட்டால் பயணத்தை ஒத்திவைப்பதே என் கருத்து. தங்குமிடத்துக்குக் கட்டிய முற்பணம் போனால் போகட்டும்.

அவசர நிலையில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

வீட்டைவிட்டு வெளியேறியவர்கள் திரும்பிப் போகும் நாளைத் தீர்மானிப்பதிலும் இதே கணக்கு உதவும். ஊரில் வெயில் எறிப்பதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. மலைநாட்டின் கிழக்குச் சரிவுகளுக்கான அறிக்கையில் “அவ்வப்போது” என்ற சொல் மறைந்து “பிற்பகல் 2 மணிக்குப் பின்னர்” என்று மாறியிருக்க வேண்டும். வான்கதவுகள் மூடப்பட்டிருக்க வேண்டும். மன்னம்பிட்டி மட்டம் தொடர்ச்சியாக இறங்கி எச்சரிக்கை மட்டத்துக்குக் கீழே வந்து ஒரு நாளாவது கடந்திருக்க வேண்டும். வாடை பலமாக வீசும் நாட்களில் கடல் முகத்துவாரத்தை அடைத்துக்கொண்டு ஆற்று நீரை வடியவிடாது. அப்போது இன்னொரு நாளைக் கூட்டிக்கொள்ள வேண்டும். திரும்பிய பின் முதல் வேலையாகக் கிணற்றை இறைத்துக் குளோரின் இட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லும் வரை கொதிக்கவைத்த நீரையே குடிக்க வேண்டும்.